பெரிய வேரியபிளை டீபக்கரில் பார்ப்பது எப்படி: மேட்டூர் நீர்மட்டத் தரவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து 2024 ஆகஸ்ட் 20 வரை நாளுக்கு ஒரு நீர்மட்டம் என்று கணக்கிட்டால் 32,873 எண்கள். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து குறுவைக்குத் தண்ணீர் கணக்குப் போடும் புரோகிராம் எழுதுகிறவர் இவ்வளவையும் ஒரே அரேயில், அதாவது ஒரே பெயர் கொண்ட வரிசைப் பட்டியலில், ஏற்றுவார். விடை தப்பாக வரும். டீபக்கரில் (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) ஒரு பிரேக்பாயிண்டில், அதாவது நாம் குறித்த வரியில், நிறுத்தி அரேயைப் பிரிண்ட் செய்தால் இருநூறு எண் ஓடி, அதன்பின் மூன்று புள்ளி. தப்பான எண்ணோ இருபதாயிரத்துச் சொச்சத்தில் எங்கேயோ கிடக்கும்.

அந்த மூன்று புள்ளியைத் தாண்டுவது எப்படி, தாண்டாமலே வேலையை முடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். இரண்டாவதுதான் பெரும்பாலும் நமக்குத் தேவை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்க யாரும் மூட்டையை அவிழ்த்துக் களத்தில் கொட்டுவதில்லை. குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கே செருகுவது என்று தெரிந்தால் போதும்.

கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி கொடுத்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; ‘-ஓ0’, ‘கவுன்ட்டர்’, ‘ஃபால்ஸ்’, ‘ஃபைல்.ரைட்ஆல்டெக்ஸ்ட்’ போன்ற சிலவற்றில் மட்டும் பேரெழுத்தும் வரும். அரேயின் பெயர் ‘மட்டம்’. ஒவ்வொரு மதிப்பும் 8 பைட் பிடிக்கும் டபுள் வகை.

டீபக்கர் ஏன் வெட்டுகிறது

புரோகிராம் நின்றிருக்கும்போது டீபக்கர் அதன் மெமரியைத் துண்டு துண்டாகப் படித்து, வகைக்கு ஏற்ப எழுத்தாக மாற்றித் திரையில் போடுகிறது. ஜன்னல் வைத்த எடிட்டராக இருந்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிற்கும் (ஒரு வரி நகர்வதற்கும்) இதே வேலை மறுபடி நடக்கும். கெடுக்கப்பட்ட ஒரு நீள எண்ணை நம்பி ‘இதில் நானூறு கோடி உறுப்பு இருக்கிறது’ என்று படிக்கப் போனால் டீபக்கரே தொங்கிவிடும். அதனால்தான் எல்லாக் கருவியிலும் ஒரு மடை வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மடை ஒன்றல்ல. சி, சி++ புரோகிராம்களுக்கான டீபக்கரான ஜிடிபியில் மட்டும் நமக்கு முக்கியமானவை நான்கு:

முதலாவது, ‘பிரிண்ட் எலிமென்ட்ஸ்’. இயல்பாக 200. அரேக்கும் ஸ்ட்ரிங்குக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ‘பிரிண்ட் ரிப்பீட்ஸ்’. இயல்பாக 10. ஒரே மதிப்பு தொடர்ந்து பத்து முறையோ அதற்கு மேலோ வந்தால், ஒரு முறை காட்டிவிட்டு ‘ரிப்பீட்ஸ் 31 டைம்ஸ்’ என்று சுருக்கிவிடும். அணை நிறைந்து 120 அடியிலேயே நிற்கும் நாட்களில் இது கட்டாயம் வரும். திரையில் எண்ணிக்கொண்டே போய் ‘எழுபதாவது எண் இது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மூன்றாவது, ‘மேக்ஸ் வேல்யூ சைஸ்’. இயல்பாக 65,536 பைட். நம் அரே 32,873 × 8 = 2,62,984 பைட். ஆகவே எலிமென்ட்ஸ் வரம்பை நீக்கினாலும் ‘இந்த மதிப்புக்கு இத்தனை பைட் வேண்டும், வரம்பை மீறுகிறது’ என்ற பிழைதான் வரும். 65,536-ஐ 8-ஆல் வகுத்தால் 8,192 நாள். ஏறக்குறைய இருபத்திரண்டரை ஆண்டு. அதாவது சிறிய சோதனைத் தரவில் ஒழுங்காக வேலை செய்த கட்டளை, முழுத் தரவில் திடீரென்று மறுக்கும்.

நான்காவது பக்கப் பிரிப்பு. திரை நிறைந்ததும் ரிட்டர்ன் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டும்போது ‘தொங்கிவிட்டது’ என்று நினைப்பவற்றில் பாதி இதுதான்.

தொடங்கும் முன்

சி, சி++ என்றால் ‘-ஜி’ கொடி வைத்து கம்பைல் செய்யுங்கள். ஆப்டிமைசேஷனை ‘-ஓ0’ அல்லது ‘-ஓஜி’ அளவில் நிறுத்துங்கள். ‘-ஓ2’ வைத்துவிட்டு வேரியபிளைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்ற பதில் வரும். அது பெரிய வேரியபிள் என்பதால் அல்ல. அந்த இடத்தில் அந்த மதிப்பை வைத்திருக்கவே கம்பைலர் இடம் ஒதுக்கவில்லை. இதை வரம்புப் பிரச்சினை என்று நினைத்து அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

படி 1: என்ன வகை, எத்தனை

மதிப்பைக் கேட்கும் முன் வகையைக் கேளுங்கள். ஜிடிபியில் ‘பிடைப் மட்டம்’, பிறகு ‘பிரிண்ட் சைஸ்ஆஃப்(மட்டம்)’. 2,62,984 வந்தால் உண்மையான அரே கையில் இருக்கிறது. 8 வந்தால் உங்களிடம் இருப்பது பாயிண்டர். ஃபங்ஷனுக்குள் அனுப்பப்பட்ட அரே அங்கே போனதும் வெறும் முகவரியாகிவிடும். அதற்கு எத்தனை உறுப்பு என்று டீபக்கருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பைத்தானில் ‘டைப்(மட்டம்)’, ‘லென்(மட்டம்)’. ‘சிஸ்.கெட்சைஸ்ஆஃப்’ சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். லிஸ்ட் என்றால் அது உறுப்புகளுக்கான சுட்டிகளின் அளவை மட்டும் சொல்லும், உறுப்புகளின் அளவை அல்ல.

எண்ணிக்கையைப் பார்த்த உடனே பிழை பிடிபடுவது அடிக்கடி நடப்பதுதான். 32,873 இருக்க வேண்டிய இடத்தில் 32,850 இருந்தால் 23 குறைகிறது. 1936 முதல் 2024 வரை லீப் ஆண்டுகள் 23. பிப்ரவரி 29-ஐ யாரோ தின்றுவிட்டார்கள். ஒரு மதிப்பைக்கூடப் பார்க்காமல் காரணம் கிடைத்துவிட்டது.

படி 2: வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுப்பது

ஜிடிபியில் இதற்கு ‘@’ குறி. இடப்பக்கம் முதல் உறுப்பு, வலப்பக்கம் எத்தனை என்பது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2024 ஜூன் 12-க்கான இன்டெக்ஸ் (பூஜ்யத்திலிருந்து எண்ணும் வரிசை எண்) 32,803. அதற்கு முன்னும் பின்னும் பத்து நாள் வேண்டுமென்றால்:

பிரிண்ட் மட்டம்[32793]@21

பாயிண்டராக இருந்தால் ‘பிரிண்ட் *மட்டம்@50’ என்று நட்சத்திரம் சேர்த்துக் கேளுங்கள். நட்சத்திரத்தை விட்டால் ஐம்பது முகவரிகள்போல ஏதோ குப்பை வரும், அல்லது பிழை வரும். ‘@’-க்கு இடப்பக்கம் இருப்பது மெமரியில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும் பொருளாக இருக்க வேண்டும். ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே உள்ள சிறு இடத்தில்) இருக்கும் மதிப்போ ஒரு ஃபங்ஷன் திருப்பிக் கொடுத்த எண்ணோ ஒத்துவராது.

வரிசை எண்ணோடு பார்க்க ‘செட் பிரிண்ட் அரே-இன்டெக்ஸஸ் ஆன்’. வரிக்கு ஒன்றாகப் பார்க்க ‘செட் பிரிண்ட் அரே ஆன்’. ஸ்ட்ரக்ட்டுகளுக்கு ‘செட் பிரிண்ட் ப்ரிட்டி ஆன்’. இந்த மூன்றையும் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஜிடிபி தொடக்கக் கோப்பில் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம்.

எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘பிஅரே 50 மட்டம்’ என்பது இதே வேலையைச் செய்யும். விஷுவல் ஸ்டூடியோவின் வாட்ச் ஜன்னலில் வேரியபிள் பெயருக்குப் பின் கமா போட்டு எண்ணிக்கை: ‘மட்டம்,50’. நடுவிலிருந்து வேண்டுமென்றால் ‘&மட்டம்[32793],21’. விஎஸ் கோடு எடிட்டரும் குரோம் பிரவுசரும் பெரிய அரேயை நூறு நூறாகப் பிரித்துக் காட்டும். விரிக்க வேண்டிய நூறை மட்டும் விரியுங்கள். இன்டெல்லிஜேயில் அரேயின் மேல் வலது சொடுக்கி ‘அட்ஜஸ்ட் ரேஞ்ச்’.

பைத்தானில் ‘மட்டம்[32793:32814]’. கடைசி எண் சேராது என்பதை மறக்க வேண்டாம். பைத்தானின் டீபக்கரான பிடிபிக்குள் இன்னொரு பொறி: உங்கள் வேரியபிளின் பெயர் ‘என்’, ‘சி’, ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தாக இருந்தால், அதைத் தட்டியதும் மதிப்பு வராது, டீபக்கர் அதைத் தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்கோ அடுத்த பிரேக்பாயிண்டுக்கோ ஓடிவிடும். முன்னால் ஆச்சரியக்குறி போடுங்கள், அல்லது ‘பி என்’ என்று கேளுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையே வேரியபிளாக ஏற்கும். ‘மட்டம்’ என்றே வைத்தால் இந்தச் சண்டையே இல்லை.

படி 3: தரவிடம் கேள்வி கேட்பது

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 32,873 எண்ணையும் கண்ணால் மேய்வதில் பயனில்லை. எது தப்பாக இருக்க முடியும் என்று யோசித்து, அந்த நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. 125-க்கு மேல் ஒரு எண் இருந்தால் தசமப்புள்ளி விழுந்திருக்கும், 98.4 என்பது 984 ஆகியிருக்கும். எதிர்மறை எண் இருந்தால் ‘தரவு இல்லை’ என்பதற்காக யாரோ -999 போட்டிருப்பார்கள். ஜிடிபியில் ஒரு சின்னச் சுற்று:

செட் $இ = 0
வைல் $இ < 32873
இஃப் மட்டம்[$இ] > 125 || மட்டம்[$இ] < 0
பிரிண்ட் $இ
எண்ட்
செட் $இ = $இ + 1
எண்ட்

ஒவ்வொரு உறுப்பையும் டீபக்கர் தனித்தனியே கணித்துப் பார்ப்பதால் சற்று நேரம் எடுக்கும். லட்சக்கணக்கில் போனால் இந்த முறையை விட்டு, கீழே சொல்லியுள்ளபடி கோப்பாக எடுத்துக்கொள்வது மேல்.

இந்தச் சல்லடையில் தப்பிப்போகும் ஒன்று உண்டு: ‘நான்’ எனப்படும், எண்ணே அல்லாத மதிப்பு. அது 125-ஐவிடப் பெரிதும் அல்ல, பூஜ்யத்தைவிடச் சிறிதும் அல்ல. எந்த ஒப்பீட்டிலும் மாட்டாது. ஆனால் தனக்குத்தானே சமமாகவும் இருக்காது. ‘மட்டம்[$இ] != மட்டம்[$இ]’ என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் பிடிபடும். சராசரி ‘நான்’ என்று வந்து நிற்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பைத்தானில் இதெல்லாம் ஒரு வரி. இரண்டாவது எடுத்துக்காட்டாகக் கொள்முதல் சீட்டுகளை எடுத்துக்கொள்வோம்: ‘சீட்டு’ என்ற லிஸ்ட்டில் ஒரு பருவத்தின் 20,000 பதிவுகள், ஒவ்வொன்றும் ஒரு டிக்ஷனரி. கேட்க வேண்டிய கேள்விகள்:

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் எத்தனை? அது வழக்கமான வரம்பு. தளர்வு கொடுத்த பருவங்களும் உண்டு என்பதால் 17-க்கு மேல் இருப்பதெல்லாம் பிழை அல்ல, ஆனால் 170 என்று இருந்தால் பிழை. மொத்த எடையை 40 கிலோவால் வகுத்து மீதி வருவது எத்தனை? மூட்டை 40 கிலோ என்பதால் மீதி வரக் கூடாது. எடை என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் ஸ்ட்ரிங் உட்கார்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘கவுன்ட்டர்(டைப்(சீ[“எடை”]).__நேம்__ ஃபார் சீ இன் சீட்டு)’ என்று கேட்டால், ‘ஃப்ளோட் 19,988, ஸ்ட்ரிங் 12’ என்பதுபோல ஒரே வரியில் பதில் வரும். இருபதாயிரம் பதிவில் பன்னிரண்டு கோளாறு என்பதைக் கண்ணால் ஒருநாளும் பார்க்க முடியாது.

பழைய பைத்தான்களில் பிடிபி இப்படிப்பட்ட வரிக்கு ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பிழை காட்டும். ஃபங்ஷனின் உள்ளூர் வேரியபிள்கள் உள்ளே இருக்கும் சுற்றுக்குத் தெரியாமல் போவதுதான் காரணம். ‘இன்டராக்ட்’ என்று தட்டி முழுப் பைத்தான் ஷெல்லுக்குள் போய்விட்டுக் கேளுங்கள், வேலை செய்யும். வெளியே வர கன்ட்ரோல்-டி; விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் போட்டு என்டர்.

பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் அரே 1,000 உறுப்பைத் தாண்டினால் முனைக்கு மூன்று காட்டிவிட்டு நடுவில் புள்ளி வைக்கும். அட்டவணைகளுக்கான நூலகமான பாண்டாஸின் அட்டவணை 60 வரியைத் தாண்டினால் முதல் ஐந்து, கடைசி ஐந்து. இரண்டின் வரம்பையும் உயர்த்தலாம். ஆனால் ‘டிஸ்க்ரைப்’ ஒன்றைப் போட்டால் மிகச் சிறியது, மிகப் பெரியது, சராசரி எல்லாம் வந்துவிடும். பெருமதிப்பு 984 என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எழுதப்படும் கணத்தையே பிடிக்க வேண்டுமா? தப்பான இன்டெக்ஸ் தெரிந்துவிட்டால் ‘வாட்ச் -எல் மட்டம்[20417]’ என்று அந்த ஒரு உறுப்பின் மேல் காவல் வையுங்கள். முழு அரே மேல் வைக்க முயல வேண்டாம். எக்ஸ்86 பிராசசரில் இதற்கான ரெஜிஸ்டர்கள் நான்குதான். ஒன்றுக்கு அதிகபட்சம் 8 பைட். மொத்தம் 32 பைட்டைத் தாண்டினால் ஜிடிபி மென்பொருள் காவலுக்கு மாறி, புரோகிராமின் ஒவ்வொரு கட்டளைக்கும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும். ஒரு நொடியில் முடியும் ஓட்டம் மணிக்கணக்கில் நகரும்.

படி 4: வரம்பைத் தூக்குவது

முழுதாகத்தான் பார்க்க வேண்டும் என்றால்:

செட் பிரிண்ட் எலிமென்ட்ஸ் 0
செட் பிரிண்ட் ரிப்பீட்ஸ் 0
செட் மேக்ஸ்-வேல்யூ-சைஸ் அன்லிமிடெட்
செட் பேஜினேஷன் ஆஃப்

இங்கே பூஜ்யம் என்றால் ‘வரம்பில்லை’. இவற்றை நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். விஎஸ் கோடு போன்ற எடிட்டர் ஜிடிபியைப் பின்னால் ஓட்டும்போது, வேரியபிள் பலகையில் தெரியும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் முழு நீளத்துக்குக் கேட்கும். எஃப்10 தட்டிவிட்டு டீ குடித்து வரலாம் என்ற நிலை வந்துவிடும். ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் வரம்பை நீக்க ‘பிரிண்ட் -எலிமென்ட்ஸ் 0 -- மட்டம்’ என்ற வடிவம் இருக்கிறது, அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விஎஸ் கோட்டின் டீபக் கன்சோலிலிருந்து ஜிடிபிக்கு நேரே கட்டளை அனுப்ப முன்னால் ‘-எக்ஸெக்’ சேருங்கள்.

எல்எல்டிபியில் உறுப்புகளுக்கு ‘டார்கெட்.மேக்ஸ்-சில்ட்ரன்-கவுன்ட்’, ஸ்ட்ரிங்குக்கு ‘டார்கெட்.மேக்ஸ்-ஸ்ட்ரிங்-சம்மரி-லெங்த்’. பின்னதன் இயல்பு 1,024. மெமரியை நேரே படிக்கும்போது 1,024 பைட்டைத் தாண்டினால் ‘--ஃபோர்ஸ்’ கேட்கும்.

நோட் ஜேஎஸ் கன்சோலில் ‘ஆப்ஜெக்ட்’ என்று சதுர அடைப்புக்குள் மட்டும் காட்டினால், ஆழம் இரண்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். ‘கன்சோல்.டிர்’ கொடுத்து ஆழத்துக்கும் அரே நீளத்துக்கும் ‘நல்’ வையுங்கள். அரே வரம்பு அங்கே 100. பிஎச்பியில் எக்ஸ்டீபக் இருந்தால் ‘வார்_டம்ப்’ காட்டுவது ஆழம் 3, உறுப்பு 128, எழுத்து 512 என்ற அளவோடு நிற்கும். இந்த மூன்றும் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் மாற்றக்கூடியவை. ஆனால் ஸ்டெப் போட்டு டீபக் செய்யும்போது இந்த எண்கள் செல்லாது. அந்த வரம்புகளை எடிட்டர்தான் எக்ஸ்டீபக்குக்கு அனுப்புகிறது. ஐஎன்ஐயை மாற்றிவிட்டு எடிட்டரில் ஒன்றும் மாறவில்லையே என்று திரும்பத் திரும்ப சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்குக் காரணம் இதுதான்.

படி 5: வெளியே எடுத்துக் கோப்பில் பார்ப்பது

ஆயிரம் வரியைத் தாண்டிய எதற்கும் டீபக்கர் ஜன்னல் சரியான இடமல்ல. கோப்பாக எடுத்துவிட்டால் தேடலாம், வரிசைப்படுத்தலாம், நாளைக்கும் பார்க்கலாம்.

ஜிடிபியில் இரண்டு வழி. எழுத்தாக வேண்டுமென்றால் ‘செட் லாகிங் ஃபைல்’ கொடுத்துப் பெயர் வைத்து, ‘செட் லாகிங் எனேபிள்டு ஆன்’. பழைய பதிப்புகளில் ‘செட் லாகிங் ஆன்’. பிறகு பிரிண்ட். எண்ணாகவே வேண்டுமென்றால் ‘டம்ப் பைனரி வேல்யூ மட்டம்.பின் மட்டம்’. இதற்கும் மேக்ஸ் வேல்யூ சைஸ் குறுக்கே வந்தால் முதலில் அதை நீக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் அளவு சரியாக 2,62,984 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம்பையின் ‘ஃப்ரம்ஃபைல்’ அதை அப்படியே 8 பைட் டபுள்களாக ஏற்றிக்கொள்ளும். வரைபடமாகப் போட்டால் ஆடிப்பெருக்கு வாக்கில் ஏறுவதும் கோடையில் இறங்குவதுமான ஏற்ற இறக்கத்துக்கு நடுவே 984 மட்டும் தென்னைபோல் தனியாக நிற்கும்.

குரோமில் ஆப்ஜெக்ட்டின் மேல் வலது சொடுக்கி ‘ஸ்டோர் ஆஸ் குளோபல் வேரியபிள்’ கொடுங்கள். ‘டெம்ப்1’ என்று பெயர் வரும். பிறகு ‘காப்பி(டெம்ப்1)’, ஜேசன் வடிவில் கிளிப்போர்டுக்கு வந்துவிடும். விஷுவல் ஸ்டூடியோவில் ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் உள்ள பூதக்கண்ணாடியைச் சொடுக்கினால் டெக்ஸ்ட், ஜேசன், எக்ஸ்எம்எல் எனத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். சி#-இல் இமீடியட் ஜன்னலிலேயே ‘ஃபைல்.ரைட்ஆல்டெக்ஸ்ட்’ அழைத்துக் கோப்பில் எழுதிவிடலாம். விஎஸ் கோட்டில் வேரியபிள் மேல் வலது சொடுக்கி ‘காப்பி வேல்யூ’. பலகையில் வெட்டுப்பட்டுத் தெரிந்தாலும் பெரும்பாலான மொழிகளுக்கு முழு மதிப்பும் கிடைக்கும்.

ஜாவாவில் ஒரு வேரியபிள் அல்ல, ஹீப் (புரோகிராமின் பொருள்கள் எல்லாம் இருக்கும் மெமரி) முழுவதுமே வீங்கிக் கிடக்கிறது என்றால் ‘ஜேமேப்’ வைத்து ஹீப் டம்ப் எடுத்து எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறப்பதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. கொள்முதல் சீட்டு போன்ற தரவில் விவசாயியின் ஆதார், வங்கிக் கணக்கு, சிட்டா அடங்கல் விவரம் எல்லாம் இருக்கும். டம்ப் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் ‘இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே’ என்று போடுவதற்கு முன் அந்தப் புலங்களை நீக்குங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழியுங்கள்; கிட் களஞ்சியத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து இருந்தால்

ஆங்கிலத் தரவில் வராத தொல்லைகள் இவை. ‘தஞ்சாவூர்’ என்பது யூனிகோடில் 9 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 27 பைட். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் நீளம் 9 என்று சொல்லும். சி-யின் ‘எஸ்டிஆர்லென்’, கோ மொழியின் ‘லென்’, ரஸ்ட்டின் ‘லென்’ 27 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிவதோ த, ஞ், சா, வூ, ர் என ஐந்து. மூன்றில் எதுவும் பிழை அல்ல. ஆனால் 20 பைட் ஒதுக்கிய ஊர்ப் பெயர்ப் புலத்தில் இந்த ஊர் நுழையாது. கும்பகோணமும் நுழையாது.

ஜிடிபியின் 200 என்ற வரம்பு சார் வகை ஸ்ட்ரிங்கில் பைட்டுக் கணக்கு. 66 தமிழ்க் குறியீடு முடிந்ததும் மீதி இரண்டு பைட்டில் ஓர் எழுத்து நடுவில் அறுபட்டு, கடைசியில் \340\256 என்று எண்ணாகத் தொங்கலாம். அதைப் பார்த்துத் தரவு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்; வரம்பை நீக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஸ்ட்ரிங் முழுவதுமே \340\256\244 என்று எண்களாக வந்தால் கதை வேறு. (அந்த மூன்றும் சேர்ந்ததுதான் ‘த’.) டெர்மினலின் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) ‘சி’ என்று இருப்பதால், ஜிடிபி யூடிஎஃப்-8-ஐ எழுத்தாக மாற்றுவதில்லை. சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போகும்போது இது சகஜம். லொகேலை யூடிஎஃப்-8-க்கு மாற்றிவிட்டு ஜிடிபியைத் திறங்கள், அல்லது உள்ளேயே ‘செட் சார்செட் யூடிஎஃப்-8’ கொடுங்கள். விஷுவல் ஸ்டூடியோவின் சி++ வாட்ச்சில் குப்பையெழுத்து தெரிந்தால் பெயருக்குப் பின் ‘,எஸ்8’ சேருங்கள். யூடிஎஃப்-8 ஆகப் படிக்கும்.

பைத்தானில் ஜேசனாக எடுக்கும்போது ‘என்ஷ்யூர்_ஆஸ்கி=ஃபால்ஸ்’ கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் ஆறு எழுத்தாக மாறும்; கோப்பும் வீங்கும், படிக்கவும் முடியாது. விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று எழுதியே கொடுங்கள். இல்லாவிட்டால் எழுதும்போதே பிழை விழும்.

பார்ப்பதாலேயே மாறிவிடுபவை

டீபக்கரில் பார்ப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பைத்தான் ஜெனரேட்டரை (கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் பொருளை) ‘லிஸ்ட்(ஜென்)’ என்று விரித்துப் பார்த்தால் அதில் இருப்பது தீர்ந்துவிடும். பிறகு புரோகிராமுக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் பார்த்ததாலேயே புதுப் பிழை பிறக்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ‘ஜென் = லிஸ்ட்(ஜென்)’ என்று திரும்ப அதிலேயே வையுங்கள்; பின்னால் வரும் புரோகிராம் வரிகள் அதை ‘ஃபார்’ சுற்றில் மட்டும் ஓட்டினால் பிரச்சினை இருக்காது, ‘நெக்ஸ்ட்’ அழைத்தால் உடையும்.

சி#-இல் ‘ரிசல்ட்ஸ் வியூ’ என்பதை விரித்தால் அந்த வரிசை மறுபடி ஓடும். பின்னால் டேட்டாபேஸ் இருந்தால் கேள்வி மறுபடி அங்கே போகும். ஜாவாவில் டீபக்கர் தானாக ‘டுஸ்ட்ரிங்’ அழைக்கும். ஹைபர்னேட் என்ற டேட்டாபேஸ் நூலகத்தின் பொருளாக இருந்தால் இதுவரை ஏற்றாத பட்டியல் அப்போது ஏறலாம். இன்டெல்லிஜேயில் அதை அணைக்க அமைப்பு உண்டு. குரோம் கன்சோலில் பதிவான ஆப்ஜெக்ட்டை விரிக்கும்போது தெரிவது பதிவான நேரத்து மதிப்பு அல்ல, விரிக்கும் நேரத்து மதிப்பு. பழைய மதிப்பே வேண்டுமென்றால் பதிவதற்கு முன் நகல் எடுத்துப் பதியுங்கள்.

முன்பும் பின்பும் ஒப்பிடுவது

ஒரு ஃபங்ஷன் பெரிய வேரியபிளில் எதை மாற்றியது என்று தெரிய வேண்டுமா? அதற்கு முன்னால் ஒரு பிரேக்பாயிண்ட், பின்னால் ஒன்று. இரண்டு இடத்திலும் கோப்பாக எடுத்து ‘டிஃப்’ போடுங்கள். ஜேசன் என்றால் சாவிகளை வரிசைப்படுத்தி, உள்தள்ளலோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் வரிசை மாறியது மட்டுமே ஆயிரம் வித்தியாசமாகத் தெரியும், அல்லது எல்லாம் ஒரே வரியில் இருந்து ஒன்றுமே தெரியாது. மாறியதா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் எம்டி5 தொகை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிந்தது.

தூரத்து சர்வரில்

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வெளியூர் சர்வரை டீபக் செய்கிறவர்கள் டெல்டாவில் இப்போது நிறைய. ஜிடிபியை உங்கள் லேப்டாப்பிலும் ஜிடிபிசர்வரை அங்கேயும் வைத்தால், பெரிய வேரியபிளின் பைட்டுகள் அத்தனையும் இணையம் வழியாக வந்தாக வேண்டும். பதிலாக எஸ்எஸ்எச் போட்டு அங்கேயே ஜிடிபியை ஓட்டுங்கள். விடையின் எழுத்து மட்டும்தான் இங்கே வரும். அதையும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். ஐப்பசி அடைமழையில் கரன்ட் போய் மோடம் அணைந்தாலும் டீபக்கர் அங்கே நின்ற இடத்திலேயே காத்திருக்கும். திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான சேவையில் ஒட்டினால் அது நின்றுவிடும். நீங்கள் அரேயை ஆராயும் நேரமெல்லாம் கொள்முதல் நிலையத்தில் சீட்டு போட முடியாமல் வரிசை நிற்கும். பதிலாக ‘ஜிகோர்’ கொண்டு அந்தக் கணத்தின் கோர் கோப்பை (புரோகிராமின் மெமரி நகலை) எடுங்கள். எடுக்கும் நேரம் மட்டும் புரோகிராம் நிற்கும். மெமரி எவ்வளவோ அவ்வளவு வட்டு இடம் தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே காலி இடத்தைப் பாருங்கள். பிறகு சாவகாசமாக அந்தக் கோப்பையும் அதே பதிப்பு பைனரியையும் (கம்பைல் செய்து கிடைத்த புரோகிராம் கோப்பையும்) ஜிடிபியில் திறந்து, படி 1-லிருந்து தொடங்கலாம். பைனரி வேறு பதிப்பாக இருந்தால் வேரியபிள் பெயர்கள் தவறான முகவரிகளைக் காட்டும். நம்பும்படியான பொய் மதிப்புகள் வரும். கோர் எடுத்த அன்றே பைனரியின் நகலையும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.